திருகையும் மைக்கும்

மைக் வருவதற்கு முன்னால் மெல்லப் பாடுவதென்றால் தனியாகப் பாடுவதுதான். நாலு பேர் கேட்கப் பாட வந்தவர் தொண்டையைத் திறந்தாக வேண்டும். எட்டுக்கட்டையில் பாடிய நாடக நடிகர்களை நம் தாத்தாக்கள் கொண்டாடியதில் குரலழகுக்கு ஒரு பங்கு உண்டு. தரை டிக்கெட்டில் கடைசியாக உட்கார்ந்திருந்தவனுக்கும் வார்த்தை காதில் விழுந்தது என்பதற்கும் ஒரு பங்கு உண்டு. தாழ்ந்த குரலுக்கு உரிய பாட்டுகள் தொட்டிலடியிலும் திருகையடியிலும் கிடந்தன. அவற்றை உட்கார்ந்து கேட்க யாரும் வருவதில்லை. குழந்தை தூங்கிவிடும், மாவு அரைபட்டுவிடும், பாட்டும் அத்தோடு முடிந்துவிடும்.

1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வந்தது. அதுவரை பெரிய கூம்புக்குள் கத்திக்கொண்டிருந்த பாடகர், மைக்கின் முன்னால் நின்று ஒருவர் காதோடு பேசுகிற அளவுக்குக் குரலை இறக்கலாம் என்று ஆயிற்று. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றவர்கள் இந்த வசதியை வைத்துக் காதல் பாட்டுப் பாடிப் பெயர் வாங்கினார்கள். மராட்டியத்தில் இந்த வசதி கவிஞர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஏட்டில் அச்சாகியிருந்த கவிதையை எடுத்து, அதிகம் அலட்டாத மெட்டில் போட்டு, ஹார்மோனியமும் தபலாவும் துணைக்கு வைத்துக்கொண்டு பாடுவது என்று ஒரு வழக்கம் அங்கே கிளம்பியது. பாவ்கீத் என்கிறார்கள். ஒரு நூற்றாண்டை நெருங்குகிற இந்த வழக்கத்தைப் பற்றிப் புனேயில் குடியிருக்கும் தமிழன் ஒருவன் யோசிக்கும்போது, நம் புதுக்கவிதை ஏன் யாருடைய வாயிலும் இல்லை என்ற கேள்வி தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

நான் இருப்பது கராடியில். புனேயின் கிழக்கு ஓரம், நகர் ரோடை ஒட்டிய பகுதி. தெற்கே முளா-முட்டா ஆறு. ஒரு காலத்தில் வயலாக இருந்த இடத்தில் இயான் ஐ.டி. பார்க்கும் வேர்ல்டு டிரேடு சென்டரும் நிற்கின்றன. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிற கூட்டத்தில் தமிழும் தெலுங்கும் இந்தியும் வங்காளமும் காதில் விழும். மராத்தி பெரும்பாலும் ஆட்டோக்காரரிடமும் வடாபாவ் வண்டியிலும்தான். இந்த ஊரில் வந்து மராத்திக் கவிதையைத் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று நினைத்தால், அது அடுக்குமாடியின் மொட்டை மாடிக்கே வந்துவிடுகிறது.

கோஜாகிரி பௌர்ணமி என்று ஐப்பசி வாக்கில் ஒரு நிலவு நாள். பெரிய பாத்திரத்தில் பாலைச் சுண்டக் காய்ச்சி, குங்குமப்பூவும் பாதாமும் ஏலமும் போட்டு, அதில் நிலா விழுவதைப் பார்த்துவிட்டுக் குடிப்பார்கள். பால் காய்கிற நேரத்துக்குப் பாட்டு. எங்கள் குடியிருப்பில் பாடியவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். எனக்கு அந்த அம்மாளின் பாட்டைவிடப் பாட்டுக்கு முன்னால் நடந்ததுதான் மனசில் நின்றது. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அறிவிக்கிறார்: கவிதை இன்னார், மெட்டு இன்னார், முதலில் பாடியவர் இன்னார். இந்த வரிசை மாறவே இல்லை. ஒரு பாட்டுக்கு மங்கேஷ் பாட்காவ்கர் என்று அவர் சொல்ல, மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, “இல்லை, அது ராஜா படே” என்றார். அறிவிப்பாளர் மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொண்ட பிறகே ஹார்மோனியம் தொடங்கியது. பாட்டுக்காரரின் பெயர் தவறியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

பெயர் சொல்லி அறிவிக்கிற இந்த ஆளை ‘நிவேதக்’ என்கிறார்கள். இதையே தொழிலாக எடுத்துப் புகழ்பெற்ற புனேக்காரர்கள் உண்டு. தீபாவளிக் கருக்கலில் நடக்கிற ‘திவாளி பஹாட்’ கச்சேரிகளிலும் இதே முறைதான். கவிஞர் பெயர் முதலில் வருவது ஒரு மரியாதை என்று மட்டும் பார்த்தால் போதாது. பல பத்தாண்டுகளாக நடக்கும் பொதுக் கல்வி அது. மராத்திக் கவிதைத் தொகுப்பு ஒன்றைக்கூடக் காசு கொடுத்து வாங்கியிராத ஒருவர் பத்துக் கவிஞர்களின் பெயரை வரியோடு பொருத்திச் சொல்கிறார் என்றால், இந்த அறிவிப்பைக் காது பழகிப்போனதுதான் காரணம்.

வழக்கம் புனேயில்தான் கருக்கொண்டது. 1923இல் இங்கே ரவிகிரண் மண்டல் என்று கவிஞர்கள் ஒரு குழு அமைத்தார்கள். மாதவ் ஜூலியன், யஷ்வந்த், கிரீஷ் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். கவிதையைக் கூடியிருந்து வாசித்தார்கள்; பிறகு ஊர் ஊராகப் போய் மேடையில் பாடவே தொடங்கினார்கள். கவிஞனே தன் கவிதையைப் பாடுகிறான். சங்கீத ஞானம் பெரிதாக வேண்டியதில்லை, விருத்தத்தை இழுத்துச் சொல்லத் தெரிந்தால் போதும். இதைப் பார்த்து மராத்தி எழுத்தாளர் ஆச்சார்ய அத்ரேக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்துக் கவிஞர்களின் தோரணையைக் கிண்டலடித்துப் போலிக்கவிதைகள் எழுதி ‘ஜேண்டூச்சீ ஃபுலே’ என்று 1925இல் ஒரு தொகுப்பே போட்டுவிட்டார். கிண்டல் புத்தகம் இன்றுவரை விற்கிறது. கிண்டலுக்கு ஆளான வழக்கமும் சாகவில்லை.

அடுத்த அடி கிராமபோன். 1930களின் தொடக்கத்தில் சட்டம் படித்த ஜி. என். ஜோஷி என்ற இளைஞர், விதர்ப்பத்தில் வக்கீலாக இருந்த நா. க. தேஷ்பாண்டேயின் கவிதை ஒன்றைப் பாடி இசைத்தட்டு கொடுத்தார். ‘ஷீள்’ என்பது கவிதையின் பெயர். படமும் இல்லை, நாடகமும் இல்லை. ஒரு சிற்றூர்க் கவிஞரின் கவிதைக்குத் தட்டு விற்றது. இப்படி ஒரு பாட்டுக்குக் கடையில் இடமுண்டு என்பது அப்போதுதான் வியாபாரிகளுக்குத் தெரிந்தது. ஜோஷி பின்னாளில் எச்.எம்.வி. கம்பெனியிலேயே ஒலிப்பதிவுப் பொறுப்புக்குப் போய்ப் பல ஆண்டுகள் இருந்தார்.

அதன் பிறகு கஜானன்ராவ் வாட்வே. 1917இல் பிறந்து 2009 வரை வாழ்ந்த அவர், கவிதையைத் தட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தார். புனேயின் பிள்ளையார் சதுர்த்திப் பந்தல்களில் அதற்கு முன் கதாகாலட்சேபமும் மேளமும் சாஸ்திரிய சங்கீதமும் நடந்த இடத்தில், ஒரு ஆள் உட்கார்ந்து கவிதை பாடினார். ஜனம் தெருவை அடைத்துக்கொண்டு கேட்டது. மெட்டும் அவருடையதே. ராஜா படே, மன்மோகன் நாத்து, அனில் என்று அவர் எடுத்தவர்கள் பெரும்பாலும் அக்காலத்தில் எழுதிக்கொண்டிருந்த கவிஞர்கள். பக்கத்துத் தெருவில் நடமாடுகிற கவிஞரின் கவிதை பந்தலில் பாடப்படுகிறது என்பது எத்தகைய அனுபவமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். நமக்கு அந்த அனுபவம் பாரதிக்குப் பிறகு சினிமாக் கவிஞர்கள் மூலமாகத்தான் வாய்த்தது.

வானொலி இதற்கு ஒரு தள்ளு தள்ளியது. 1952இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் படப்பாட்டை ஆகாசவாணியிலிருந்து கிட்டத்தட்ட விரட்டினார். காலியான நேரத்தை நிரப்ப நிலையங்களில் மெல்லிசைப் பிரிவுகள் வந்தன. படப்பாட்டுக் கேட்க விரும்பியவர்கள் இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள் என்பது அந்தக் கதையின் நகைப்பான பாதி. மராத்தியில் இன்னொரு பாதி உண்டு. 1953இல் தொடங்கிய புனே நிலையத்தில், 1955 ராமநவமி முதல் ஏறத்தாழ ஓராண்டுக்கு வாரம் ஒரு புதுப் பாட்டு என்று ‘கீத ராமாயணம்’ ஒலித்தது. ஜி. டி. மாட்கூள்கர் எழுத, சுதீர் ஃபட்கே மெட்டமைத்தார். மொத்தம் 56 பாட்டுகள். இரண்டு பேருமே 1919இல் பிறந்தவர்கள், இரண்டு பேருமே சினிமாக்காரர்கள். சினிமாவில் செய்ய முடியாததை வானொலியில் செய்யக் கிடைத்த வாய்ப்பை அவர்கள் விடவில்லை. அமைச்சரின் பிடிவாதம் தமிழ் நிலையங்களிலும் மெல்லிசையைக் கொடுத்தது. ஆனால் நம்மிடம் அதை எடுத்துப் பந்தலுக்குக் கொண்டுபோக ஒரு வாட்வே இல்லை. நம் பந்தல்களில் படப்பாட்டுத்தான் ஒலித்தது.

கவிதையைப் பாட்டாக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கவிதை எட்டுப் பத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம்தான் ஓடும். ஆகவே ஐந்து பத்தி போய்விடும். எந்த ஐந்து என்று மெட்டுப் போடுகிறவர் முடிவு செய்கிறார். பல சமயம் கவிஞருக்குப் பிடித்த பத்தியே வெட்டுப்படும். தட்டுப் போய் கேசட் வந்த பிறகும், கேசட் போய் கைபேசி வந்த பிறகும், மூன்று பத்தி என்ற கணக்கு மட்டும் பழக்கத்தால் நின்றுவிட்டது. ஆக, மராத்தி ஜனத்தின் நினைவில் இருக்கிற பல கவிதைகள் அரைக்கவிதைகள்.

இதைவிடப் பெரிய மாற்றம் பல்லவி. ஏட்டில் கவிதையின் முதல் வரியை நாம் ஒரு முறைதான் படிக்கிறோம். படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறோம். பாட்டில் ஒவ்வொரு பத்திக்குப் பிறகும் அந்த வரி திரும்பி வருகிறது. கவிஞர் வாசலாக வைத்தது, பாடுகிறவர் கையில் ஒவ்வொரு தடவையும் போய்ச் சேரும் இடமாகிவிடுகிறது. முதல் வரியில் பாரம் இருக்கிற கவிதைக்கு இது யோகம். ஒவ்வொரு பத்தியும் அதே வரியை வேறு வெளிச்சத்தில் காட்டும். கடைசி வரியில் பாரத்தை வைத்திருக்கிற கவிதைக்கு இது ஆபத்து. கடைசி வரி வந்து அடி விழுந்த கணத்தில், பாடுகிறவர் ஒன்றுமே நடக்காத மாதிரி முதல் வரிக்குத் திரும்பிப் போய்விடுவார். விழுந்த அடி ஆறிப்போகும்.

நல்ல இசையமைப்பாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஸ்ரீநிவாஸ் களேயின் மெட்டுகளில் வரி திரும்பும்போது ஸ்வரம் அப்படியே திரும்புவதில்லை, சற்று நகர்ந்திருக்கும். யஷ்வந்த் தேவ் ‘சப்தபிரதான் காயகி’ என்று ஒரு புத்தகமே எழுதினார். சொல் முன்னால் நடக்க வேண்டும், பாட்டு பின்னால் வர வேண்டும் என்ற கட்சி. கமகம் போட்டு ஒரு எழுத்தை இழுத்தால் சொல் உடையும். சொல் உடைந்தால் கவிதை போயிற்று. சங்கீதம் தெரிந்தவருக்குத் தெரிந்ததைக் காட்டாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது சபாக்களில் உட்கார்ந்து பழகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த அடக்கம் ஒரு விசித்திரமான பலனைத் தந்தது. கிரேஸ் என்ற புனைபெயரில் நாகபுரியில் ஒரு கவிஞர் எழுதினார். இயற்பெயர் மாணிக் கோட்கடே, 2012இல் இறந்தார். மராத்தியில் ‘புரியாத கவிஞர்’ என்று ஒரு பட்டம் கொடுத்தால் அது அவருக்குத்தான் போகும். ஹிருதயநாத் மங்கேஷ்கர் அவருடைய கவிதைக்கு மெட்டமைத்தார். தூர்தர்ஷன் தொடர் ஒன்றின் முகப்புப் பாட்டாகவும் அது வீடு வீடாகப் போயிற்று. கிரேஸ் எழுதுவது ஒன்றும் விளங்கவில்லை என்று சொல்கிற அதே ஆள் பாத்திரம் கழுவிக்கொண்டே கிரேஸை முணுமுணுக்கிறார். புரியவில்லை என்ற குற்றச்சாட்டோடு அறுபது வருஷமாக மல்லுக்கட்டுகிற நமக்கு இதில் யோசிக்க விஷயம் இருக்கிறது. விளங்காத வரியை நினைவில் வைத்திருக்க மெட்டு உதவுகிறது. நினைவில் கிடந்தால் என்றைக்காவது வாழ்க்கையில் ஒரு அடி விழும்போது அது தானாக விளங்கும். ஏட்டிலேயே கிடக்கிற வரிக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. விளங்காவிட்டால் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

இத்தோடு நிறுத்தினால் பாவ்கீதுக்குப் புகழ்மாலை போட்டதாகிவிடும். மெல்லிய குரல் மெல்லிய கவிதைகளாகத் தேடி எடுத்தது என்பதும் உண்மை. நிலா, சாயங்காலம், மழை, பிரிவு என்று ஒரு சிறிய தோட்டத்துக்குள் அது சுற்றி வந்தது. மராத்தி நவீனக் கவிதையின் தொடக்கப்புள்ளியான பா. சீ. மர்டேகர் ஓவி, அபங்கம் என்ற பழைய சந்தங்களிலேயே எழுதியவர், பிழைப்புக்கு வானொலியில் வேலை பார்த்தவர். ஆனாலும் ஆபாசம் என்று வழக்குப் போடும் அளவுக்கு ஊரைக் கலக்கிய அவரது கடுமையான கவிதைகள் நிலவொளிக் கச்சேரிக்கு வந்து சேரவில்லை. நாம்தேவ் தசாலின் ‘கோல்பிட்டா’ என்ற கவிதைத் தொகுப்பு 1972இல் வந்தது. தசால் பிறந்தது புனே மாவட்டத்திலேயே. எந்த மொட்டை மாடிக் கச்சேரியிலும் நான் அவரைக் கேட்டதில்லை.

தசால் நின்ற பக்கத்துக் கவிதைக்கு வேறு பாட்டு மரபு இருந்தது. கராடியிலிருந்து நகரத்துக்குப் போகிற வழியில் ஏரவாடா வரும். 1932இல் காந்தியும் அம்பேத்கரும் உடன்படிக்கை செய்துகொண்ட சிறை இருக்கிற இடம். அந்த நாட்களில் மராட்டியச் சேரிகளில் அம்பேத்கர் ஜல்சா என்ற பாட்டுக் குழுக்கள் கிளம்பின. பின்னால் வாமன்தாதா கர்டக் ஆயிரக்கணக்கில் பாட்டுக் கட்டினார். அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக் போன்ற ஷாஹிர்கள், அதாவது மக்கள் பாடகர்கள், டஃப் பறையைத் தட்டிக்கொண்டு ஆலை வாசலில் நின்று பாடினார்கள். ஒலிப்பதிவுக் கூடம் இவர்களைத் தேடி வரவில்லை. குரலைத் தணிக்க இவர்களுக்கு வசதியும் இல்லை, அவகாசமும் இல்லை. அண்ணாபாவின் புகழ்பெற்ற பாட்டு ஒன்று பம்பாய்க்குப் பிழைக்க வந்தவன் ஊரில் விட்டுவந்த மனைவியை நினைப்பது. பொருளைப் பார்த்தால் அதைவிட மெல்லிய பாட்டு இருக்க முடியாது. பாடப்பட்டது மராத்தி மாநிலம் கேட்டுப் பல்லாயிரம் பேர் கூடிய சம்யுக்த மராட்டியப் போராட்ட மேடைகளில். மெல்லப் பாடுவதற்கு நடுத்தர வர்க்கத்து வரவேற்பறையும் ரேடியோப் பெட்டியும் தேவைப்பட்டன என்பதை மறக்கக் கூடாது. நம்மிடமும் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை கே. ஏ. குணசேகரன் தொண்டை கிழியப் பாடித்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனார். அதை அடக்கிப் பாடியிருந்தால் அது பாட்டாகவே இருந்திருக்காது.

ஆனால் தாழ்ந்த குரல் முழுக்க வரவேற்பறைக்குச் சொந்தம் என்று சொல்லவிடாமல் தடுப்பது திருகை. மராட்டியக் கிராமங்களில் பெண்கள் விடியற்கருக்கலில் எழுந்து தானியம் அரைத்தார்கள். கீழ்க்கல் தரையில் பதிந்திருக்கும். மேல்கல்லின் மரப்பிடியை எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பேர் சேர்ந்து பிடித்துச் சுற்றுவார்கள். ஒருத்தி ஓர் அடியை எடுப்பாள், மற்றவள் சேர்ந்துகொள்வாள். ஓவி என்று பெயர். பெரும்பாலும் நீண்ட இரண்டு அடிகள். முதலடி எதையாவது காட்டும்: மழை, ஒற்றையடிப் பாதை, வளையல்காரன். இரண்டாமடி அதைத் தன் வீட்டுக்குத் திருப்பும்: தாய்வீடு, மாமியார், சாராயம் குடிக்கிற புருஷன், செத்துப்போன குழந்தை. பகலில் வாய் திறக்க முடியாத விஷயமெல்லாம் கல் சுற்றுகிற சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு வெளியே வந்தது. வீட்டு ஆண்கள் அந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மின்சார மாவு மில் வந்ததும் திருகை ஓய்ந்தது. ஓய்வதற்குள் புனேயைச் சேர்ந்த ஹேமா ராய்ர்கரும், பிரான்சில் பிறந்து புனேயில் வாழ்ந்த கீ புவாட்வெனும் 1980களில் தொடங்கி ஊர் ஊராகப் போய் இந்தப் பாட்டுகளை எழுதி வாங்கினார்கள்; பெர்னார் பெல் ஒலிப்பதிவுக்கு வந்து சேர்ந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களிலிருந்து 1 லட்சத்துக்கும் அதிகமான ஓவிகள் சேர்ந்தன. முள்ஷி வட்டாரத்து மலைக்கிராமங்களில் தொடங்கிய வேலை. 2017 முதல் பத்திரிகையாளர் பி. சாய்நாத்தின் ‘பாரி’ இணையதளம் இவற்றை ஒலியோடும் மொழிபெயர்ப்போடும் வெளியிட்டு வருகிறது. பாடிய ஒவ்வொரு பெண்ணின் பெயரும் ஊரும் பாட்டோடு இருக்கின்றன. பாவ்கீத் கச்சேரியில் கவிஞர் பெயருக்குக் கிடைத்த மரியாதை, எழுதப் படிக்கத் தெரியாத கவிஞர்களுக்கு இந்த வழியில்தான் வந்து சேர்ந்தது.

இந்தப் பதிவுகளைக் கேட்கும்போது ஒன்று புலப்பட்டது. பல்லவிக்குத் திரும்பிவந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் ஓவிக்கு இல்லை. கல் ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. பொருள் முன்னே போய்க்கொண்டே இருக்கிறது. அடி விழுவது கடைசிப் பாதியில். விழுந்ததும் அடுத்த ஓவி. அதற்கு வேறொரு மழை, வேறொரு பாதை.

இனி நம் கதை. சி. சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார்; ந. பிச்சமூர்த்தி முதலானோரின் கவிதைகளைத் திரட்டி 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தது. அன்றைய சூழலில் ஓசை என்றால் இரண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வந்தது: ஒன்று கவியரங்க மேடையின் அடுக்குமொழி, மற்றது சினிமாக் கொட்டகை. இரண்டிலிருந்தும் தப்பிக்கக் கவிதை வாயை மூடிக்கொண்டு ஏட்டுக்குள் போனது. அந்த நேரத்தில் அது சரியான முடிவுதான். இல்லாவிட்டால் பின்னால் வந்த ஆத்மாநாமுக்கு அந்தத் தணிந்த பேச்சுக்குரல் கிடைத்திருக்காது. யாப்பைக் கையில் வைத்துக்கொண்டே நவீனமாக எழுத முடியும் என்று ஞானக்கூத்தன் காட்டினார். வாய்விட்டுப் படிக்கச் சொல்லுகிற கவிதைகள் அவருடையவை. ஆனாலும் மெட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை; கவிஞர்களும் கூப்பிடவில்லை. இலங்கையில் 1970களில் எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோர் வானொலி மெல்லிசையை ஓர் இயக்கமாகவே வளர்த்து, நீலாவணன் போன்ற ஈழத்துக் கவிஞர்களைக் காதுக்குக் கொண்டுவந்தார்கள். அண்மையில் பெருமாள்முருகன் எழுதிய கீர்த்தனைகளை டி. எம். கிருஷ்ணா கச்சேரி மேடையில் பாடினார். இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் கீர்த்தனை என்பதே பல்லவியை வைத்துக் கட்டிய வீடு. அதில் குடியேற வேண்டுமானால் அதற்கென்றே எழுத வேண்டும். ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்ட புதுக்கவிதை அதற்குள் நுழையாது.

நுழையாததற்குக் காரணம் சந்தமின்மை என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். உரைநடைக்கு மெட்டுப் போட முடியாது என்பது அவ்வளவு வலுவான காரணமா என்ன? ஒப்பாரி வைக்கும் பாட்டிக்குச் சீர் எண்ணத் தெரியாது. நீளமான அடியை மூச்சுக்குள் அடக்கியும் குட்டையான அடியை இழுத்தும் அவள் சமாளித்துவிடுவாள். உண்மையான சிக்கல் பாரம் எங்கே இருக்கிறது என்பதில் உள்ளது. நம் புதுக்கவிதை பெரும்பாலும் கடைசி வரியை நம்பி எழுதப்பட்டது. அங்கேதான் திருப்பம், அங்கேதான் அடி. அதைத் தூக்கிப் பல்லவி–சரணம் என்ற சட்டத்தில் பொருத்தினால், முன்பு சொன்னதுபோலக் கடைசி வரியின் வேலை கெட்டுப்போகும். முயன்று பார்த்த சிலர் தோற்றதற்கும், கவிஞர்கள் முகம் சுளித்ததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். புதுக்கவிதை மறுத்தது மெட்டை என்று வரலாறு எழுதிவிட்டோம். கவிதைகளைத் திருப்பிப் படித்தால் அது மறுத்தது பல்லவியை மட்டுமே என்று தோன்றுகிறது.

பல்லவி இல்லாத பாட்டு நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறது. தாலாட்டில் ஆராரோ திரும்பத் திரும்ப வந்தாலும் அது பொருளைச் சுமப்பதில்லை. பாடுகிறவள் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம், அவ்வளவே. அத்தைமகன் கொண்டுவந்த கிலுகிலுப்பை முதல் தாய்மாமன் சீர் வரை அடுக்கிக்கொண்டு பாட்டு முன்னால் போய்க்கொண்டிருக்கும். ஒப்பாரியும் அப்படித்தான், செத்தவரைப் பற்றிய ஒவ்வொரு செய்தியும் முந்தியதைவிடக் கனமாக வந்து விழும். ஆத்மாநாமின் சிறிய கவிதை ஒன்றை எடுத்து, ராகம் எது என்று கேட்காமல், நாலைந்து ஸ்வரங்களுக்குள் நின்று, ஒரே மூச்சோட்டத்தில் முதலிலிருந்து கடைசி வரை கொண்டுபோய், அங்கேயே நிறுத்திவிடுகிற ஒருவர் வேண்டும். பாட்டு ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துபோனால் போகட்டும். கவிதை அவ்வளவு நேரம்தான் ஓடுகிறது என்றால் மூன்று நிமிஷத்துக்கு இழுக்க இப்போது இசைத்தட்டுக் கம்பெனியின் நிர்ப்பந்தமும் கிடையாது.

மைக் இன்று எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. புனேயிலேயே சந்தீப் கரே என்ற கவிஞரும் சலீல் குல்கர்ணி என்ற இசையமைப்பாளரும் 2003இல் தொடங்கிய கவிதைக் கச்சேரிக்கு, ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆகவே காலம் மாறிவிட்டது, யார் கேட்பார்கள் என்ற சாக்கு நம்மிடம் செல்லாது. எல்லாக் கவிதையும் பாட்டாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கண்ணுக்கென்று எழுதப்பட்டு, வரி உடையும் இடத்திலேயே உயிரை வைத்திருப்பவை உண்டு. அவற்றை ஏட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. நூற்றில் ஐந்து தேறினாலும் போதும். அந்த ஐந்துக்கு மெட்டுத் தேடுகிறவர் சபாவையும் சினிமாவையும் தாண்டிப் போய், ஒப்பாரி தெரிந்த கிழவி ஒருத்தியிடம் உட்கார்ந்து, அடி எங்கே முடிகிறது, மூச்சு எங்கே விழுகிறது என்று கற்றுக்கொண்டு வர வேண்டும். அந்தப் பெண்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. புதுக்கவிதையோ இன்னும் அறுபது வருஷம் காத்திருக்கத் தயாராக இருக்கிறது.